நாற்பத்தேழாம் தொட்டி

அதிகாலை நாலரை. பர்காவில்
பசுமைக்குடிலின் கதவைத் திறந்தால்
எனக்கு முன்னால் உப்புக்காற்று உள்ளே போகிறது.

தட்டைப்பயறு வெயிலுக்கு முன் விரியும்,
வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும்.
நடுவில் எனக்குக் கிடைப்பது
ஒரு சுலைமானி ஆறும் நேரம்.

தாய், விளைச்சல்காரி. முழ நீளக் காய்.
ஒருநாள் தண்ணீர் தவறினால் முகம் தொங்கிவிடும்.
தந்தையை
இப்ராவுக்கு அப்பால் ஆட்டுத்தீவனக் கடையில்
கிலோ கணக்கில் வாங்கினார்கள்.
பொடி விதை, சொறி பிடித்த நிறம்.
உச்சியில் இலையைத் திருப்பி
சூரியனுக்கு விளிம்பை மட்டும் காட்டும்,
கடன்காரனுக்குப் பாதிக் கதவு திறப்பதுபோல.

முதல்நாள் மாலை மொட்டைக் கீறி
பத்து மகரந்தத் தாள்களையும் எண்ணி எடுப்பேன்.
விடிந்ததும் அவன் தூளை இவள் சூல்முடியில் தடவி
சிவப்பு நூல் கட்டுவேன்.
நூற்றுப் பன்னிரண்டு முடிச்சு.
காயாய் நின்றது ஒன்பது.

அதன் பேரப்பிள்ளைகள் இருநூறு தொட்டிகளில்.
இருபத்தோராம் நாள் வால்வை மூடச் சொன்னார்
டாக்டர் ஸுவைனா. "இனிப் பார்ப்பது மட்டும்தான் வேலை."
பார்த்தேன். பச்சைக்கு ஒன்று, சருகுக்கு ஒன்பது.
என் ஊரில் மழை பொய்த்த வருடங்களுக்கு
யாரும் மதிப்பெண் போட்டதில்லை.
பன்னிரண்டரைக்கு எங்களுக்கு வெயில் விடுப்பு,
சட்டமே உண்டு.
தொட்டிகளுக்கு இல்லை.

மூடிய பதினோராம் நாள்
நாற்பத்தேழு மட்டும் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கியது.
கிடைத்துவிட்டது என்று
இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன்.
மறுநாள் விரலை விட்டால் மண்ணில் ஈரம்.

குழாய் மாட்டும் மொஃபஸ்ஸல்
தன் பாட்டிலைப் பின்னால் மறைத்தான்.
பாதி காலி.
"ப்யாஸா தா, பாய்."

திட்டத்தான் வாயெடுத்தேன்.
அவன் உதடு வெடித்திருந்தது.

பதிவேட்டில்,
தொட்டி 47: நீக்கம்.
காரணம்: நீர்க்கசிவு.
"குழாயே போகாத மேசையில் கசிவா?" என்றார் ஸுவைனா.
என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

குளிரூட்டி சொட்டும் இடத்தில் அதை வைத்தான் மொஃபஸ்ஸல்.
ஆகஸ்ட் கடைசியில் நாலு காய்.
ஆய்வுக்கு ஆகாத பயறு.
உப்பும் வரமிளகாயும் போட்டு வேகவைத்தோம்,
ஆளுக்கு மூன்று கரண்டி.
கொஞ்சம் துவர்ப்பு.

அன்றிரவு விதைக்கிடங்கின் குளிரில்
காகித உறைக்குள் கிடந்தன
நூற்று அறுபத்துமூன்றாம் தொட்டியின் ஏழு விதைகள்.
பத்தொன்பது நாள் தாங்கியது.
அதற்கு
யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.