ஒன்பது அங்குலம்

கரடிப்போக்குச் சந்தி தாண்டினால் என்ர வெல்டிங் கடை.
முன்னுக்கு எட்டுக் கேற் சாத்திக் கிடக்கு.
எட்டும் பூட்டின கேற்.
அங்காலையும் தெரு, இங்காலையும் தெரு,
நாய் சுத்திப் போகுது.

இந்த வருசம்
மதிலுக்கு மேல கூர்க்கம்பி கேட்டவை
இருபத்தொரு பேர்.
மதில் வேண்டாம் எண்டு ஒருத்தரும் வரேல்லை.
வந்தால் எனக்கு ஆர் அரிசி தாறது?

அளவெடுக்கப் போனால் ஒரே கேள்விதான்:
கம்பிக்கும் கம்பிக்கும் எவ்வளவு விடுவியள்?
நாலரை அங்குலம் எண்டுவன்.
பூனை வரும், கள்ளன் வரான்.
சில பேர் மூண்டரை கேட்பினம்.
பூனைக்கும் பயம்.

முகாமில முள்ளுக்கம்பி ஒன்பது வரி.
எண்ணிப் பார்த்தனான், வேற வேலை இல்லை.
அண்ணி அதுக்குள்ளால கையை விட்டு
வெளியில நிண்ட தமையனின்ர
சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு நிண்டவ.
எனக்கு அப்ப பதினாறு.
வெளியில வந்து தொழில் படிக்கப் போனால்
ரெண்டு வகுப்பிலதான் இடம் இருந்தது.
மற்றது கேக் ஐசிங்.

கோசலா மிஸ் லீசிங் கொம்பனியில பெரிய ஆள்.
கனகபுரத்தில வீடு.
பதினொரு சன்னலுக்கும் கிறில் என்ர கையால.
கமரா மூண்டு.
புருசன் கட்டாரில இருந்து
போனில கேற்றைப் பார்ப்பாராம்,
கேற் இருக்கு எண்டு கண்டுபோட்டு
வேலைக்குப் போவாராம்.

மார்கழி மழை. இரவு ஒன்பதரை.
"தம்பி, உள்ளுக்குப் பூட்டினனான்.
திறப்பைக் காணேல்லை.
ரெண்டு மணித்தியாலமாத் தேடுறன்."

கரண்ட் இல்லை, கிறைண்டர் ஓடாது.
இரும்பு அறுக்கிற வாளோட போனன்.
கேற் ஏறிக் குதிக்கேக்க
என்ர கூர் என்ர சாரத்தையே கிழிச்சுது.

வெளியில நான். உள்ளுக்கு டோர்ச்சோட அவ.
வாளுக்கும் கம்பிக்கும் இடையில
முக்கால் மணித்தியாலம்.
"நீர் போட்ட கம்பி நல்ல உறுதி" எண்டா.
புகழ்ச்சியோ தெரியேல்லை.
மூண்டு வருசத்துக்கு முந்தி
எனக்கு ஓட்டோ லீசிங் இல்லை எண்டவ இவதான்.
நான் அதைச் சொல்லேல்லை. அவவும் சொல்லேல்லை.

பிறகு, மழைச் சத்தத்துக்குள்ள,
"முகாமில நீங்கள் எந்த வலயம்?"
சொன்னன்.
"நாங்கள் பக்கத்து வலயம்.
நடுவில ஒரு றோட்டுத்தானே" எண்டா.
டோர்ச் கொஞ்சம் ஆடிச்சுது.

ஒரு கம்பி கழண்டு விழுந்தது.
அடுத்ததில வாளை வைக்க முந்தி
மகள் யதுசிகா, அஞ்சு வயசு,
தலையை விட்டாள், தோளைச் சரிச்சாள்,
பூனையைப் போல இறங்கி
வெள்ளத்துக்குள்ள நிண்டாள்.
"யது, உள்ளுக்கு வா" எண்டு தாய்.
அவள் கேற்றடிக்கு ஓடி
ரெண்டு கையாலும் கம்பியைப் பிடிச்சாள்.
வலக்கை சரியாப் பிடிக்கேல்லை.
கிட்டப் போய்ப் பார்த்தால்
உள்ளங்கைக்குள்ள திறப்பு.

நான் திரும்பிப் பார்த்தன்.
கோசலா மிஸ் டோர்ச்சை அணைச்சா.
மூண்டு பேரும் கொஞ்ச நேரம்
ஒண்டும் சொல்லாமல் நனைஞ்சம்.
அவவுக்கு முகம் மட்டும்.

கம்பியை ஒட்ட நாளைக்கு வாறன் எண்டன்.
ஓம் எண்டா.
இண்டைக்குப் பன்ரெண்டு நாள்.
அவவும் எடுக்கேல்லை, நானும் எடுக்கேல்லை.
ஒரு சன்னலில ஒன்பது அங்குலம் கிடக்கு.
கட்டாருக்கு அது தெரியாது.
அந்தப் பக்கம் பார்க்கிற கமரா
நாங்கள் பூட்டேல்லை.