அசல்

துறைக்குக் கப்பல் வராமல் போன வருஷம்.
மல்லாட்டை மூட்டை சுமந்த தோளுக்கு வேலையில்லை.
மஞ்சக்குப்பத்து அச்சாபீசில்
சும்மா நிற்க நாளுக்கு ஆறணா என்றார்கள்.
நின்றேன்.

துப்பாக்கிக்குக் குடைக்கம்பு.
இரும்புத் தொப்பிக்குப் பசை கிண்டும் சட்டி,
காய்ந்த மைதா காதோரம் உதிர்ந்தது.
"நெஞ்ச நிமித்து எத்திராசு,
எதிரி தூரத்துல வரான்" என்றார் ஓவியர் அருளப்பன்.
தூரத்தில் இருந்தது அவருடைய தூக்குச்சட்டி.
மூடி சரியாக உட்காரவில்லை.
கருவாட்டுக் குழம்பு.
மூன்று நாளும் அதைத்தான் பார்த்தேன்.

கலெக்டர் ஆபீஸ்காரர்
அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.
கன்னத்தில் கொஞ்சம் சதை போடு என்றார்.
கண்ணை மட்டும் தொடாதே,
அதில் வீரம் இருக்கிறது என்றார்.

பிறகு எல்லாச் சுவரிலும் நான்.
ரயிலடியில், கெடிலத்துப் பாலத்தில்,
செம்மண்டலத்துச் சாவடியில்.
அங்கே பசை ருசிக்கு ஓர் ஆடு
முழங்கால் வரை என்னைத் தின்றிருந்தது.
நான் சொல்லாத ஒன்றை
என் வாய்க்குக் கீழே அச்சடித்திருந்தார்கள்:
வா தம்பி, படையில் சேர்.

கடைசி நாள் கூலிக்குச் சில்லறை இல்லை.
அசல் அட்டையையே கொடுத்துவிட்டார் அருளப்பன்.
கூரை ஒழுகும் இடத்தில் செருகினேன்,
படம் வெளிப்பக்கம், வானத்தைப் பார்க்க.

சண்டை ஓய்ந்து இரண்டாம் ஐப்பசி
செங்கேணியம்மா வந்தாள்.
மகன் கலியன், பர்மாவுக்குப் போனவன்.
"செவுத்துல நின்னு நீ கூப்பிட்ட. அவன் போனான்.
நீ இங்க இருக்க.
அவன் எங்க?"

எனக்கு என்ன தெரியும்.
கூரையிலிருந்து அட்டையை உருவி நீட்டினேன்.
மழையில் காக்கி பாதி கரைந்திருந்தது.
மிச்சத்தை அவள் எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.
பித்தானுக்கு அடியில் பென்சில் கோடு.
என் காறை எலும்பு. விலா ஒவ்வொன்றாக.
துப்பாக்கிக்கு அடியில்
குடையின் வளைந்த பிடி.
கண்டதை முதலில் போட்டுவிட்டுத்தான்
மேலே பூசியிருக்கிறார் மனுஷர்.

கண் மட்டும் கரையவேயில்லை.
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ பசியா இருந்தியா?"

ஆமாம் என்பதற்குள்
"அவனுந்தான்" என்றாள்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.
எடுத்த இடத்திலேயே வை,
கீழண்டை கறுத்து வருது பார் என்று
முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.