புதிய எண் 41/1

தலைமையகத்திலிருந்து தாள் வந்தது:
எண் 41 வானிலிருந்து தெரியவில்லை.
விமானி இருமுறை வட்டமிட்டார்.
நேரில் பார்த்து அறிக்கை தருக.

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு.
வண்டி நின்ற இடத்திலிருந்து
அரை மைல் நடை.
ஒரு டப்பாவில் மஞ்சள், ஒன்றில் கறுப்பு,
தோளில் மடக்கு ஏணி.
கால் வைத்த இடமெல்லாம் சாம்பல் எழுந்து
முழங்கால் வரை வந்து உட்கார்ந்தது.

மண்ணுக்கு நாலடி கீழே
நாஃப்தா ஓடுகிறது.
அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ஒன்றாய்
கம்பத்தில் சாய்த்த தகரப் பலகை.
முகம் ஆகாயத்துக்கு,
முதுகு நமக்கு.

பதினாறு வருஷமாய் இந்த எண்களை எழுதுகிறேன்.
ஒன்றையும் வாசித்ததில்லை.
ஏணியில் நின்றால் நாலுக்கு முழங்கை மட்டும் தெரியும்.
ஒன்று என்பது மூக்கை இடிக்கும் கறுப்புப் பட்டை.
முழு எண் மேலே போகிறவனுக்கு.

41 இருந்தது.
அதன்மேல் மாம்பழ நிறத்தில் ஒரு புடவை,
ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை,
காற்று தூக்காதபடி
வலைக்கயிற்றால் வரிந்து கட்டியிருந்தது.

அஞ்சலாட்சி வெளியே வந்தாள்.
விரலெல்லாம் இறால் தோல்.
"கம்பெனியா?"
ஆமாம் என்று புடவையைக் காட்டினேன்.
"சாம்பல் தங்காத எடம்
இங்க அது ஒண்ணுதான் கீது.
சாஞ்சாப்ல இருக்குதுல்ல, வழிஞ்சுடும்."

பிறகு, நான் முடிச்சை அவிழ்க்கும்போது:
"இன்னா நம்பரு அதுல?"
சொன்னேன்.
சிரித்தாளா, இருமினாளா, தெரியவில்லை.
"மண்ணுக்குள்ள போற கொழாய்க்கு நம்பரு.
அத்த மானத்துல போறவன் படிக்கணும்.
என் வூட்டுக்கு ஒரு நம்பர் கேட்டு
மூணு வருசமா நடக்குறேன்.
சிலிண்டர்காரன் போன் போட்டா
மஞ்சப் பலகைக்குக் கீழன்றேன்."

துடைத்தேன். மஞ்சள் பூசிக் காயவிட்டேன்.
நாலு. ஒன்று.
இறங்கும்போது
டப்பாவின் அடியில் நாலு விரல் கறுப்பு மிச்சம்.
அதை அவளும் பார்த்தாள்.
அவள் மகன் இன்பராஜ், கேட்காமலே,
ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்
வீட்டுச் சுவரில் சாய்த்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, மிதித்தால் உடையும்.
பலகை போட்டுக் குப்புறப் படுத்தேன்.
தூரிகையைத் தோய்த்த பிறகு
தொழில் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்:
"பழைய எண் என்ன?"
இந்த நகரத்தில்
பழசும் புதுசுமாய் இரண்டு எண் இல்லாத வாசல் உண்டா?
கீழேயிருந்து குரல் வந்தது:
"பழசே இல்லப்பா."

மறுமாதத் தாள்:
41 தெளிவு.
அருகில் 41/1.
வரைபடத்தில் இல்லை. விளக்கம் தேவை.
கூடவே வழக்கமான படிவம்.

பூர்த்தி செய்தேன்.
உள்ளே செல்வது: இரண்டு பேர், ஒரு பெட்டை ஆடு.
ஆழம்: இல்லை. தரைக்கு மேல்.
விட்டம்: பத்துக்குப் பன்னிரண்டு.
அழுத்தம்: அதிகம்.
கசிவு: மழைக்காலத்தில், நான்கு இடம்.
கடைசியாகப் பரிசோதித்த நாள்
என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அனுப்பவில்லை.
வேறு படிவம் எடுத்து
மிச்ச வண்ணத்தைச் சோதித்த தடம் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

ஆனால் அடுத்த சுற்றில் போனபோது
ஹெலிகாப்டர் தாழ வந்தது.
புடவை இப்போது வேலியில், சாம்பலோடு.
அஞ்சலாட்சி கையசைக்கவில்லை,
தலைகூட நிமிரவில்லை.
இறாலை உரித்தபடி
அது போகிற வரைக்கும்
உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்,
மேலே இருப்பவன் சரியாக வாசிக்கிறானா என்று
கூடவே சொல்லிப் பார்ப்பதுபோல்.