ஒரு சாண் வார்

நாற்பத்திரண்டு மூக்குக்கண்ணாடிகள்
தகரப் பெட்டிக்குள், ஆளுக்கொரு பழைய காலுறையில்.
பெட்டியின் மேல் சுருட்டிய கூடாரம்,
அதன் மேல் என் மழைச்சட்டை,
எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கி இரண்டு நைலான் வார்கள்.
இழுத்துப் பார்த்தேன். உலுக்கிப் பார்த்தேன்.
பெட்டி அசையவில்லை, வண்டிதான் அசைந்தது.
போதும் என்று நினைத்தேன்.

மிச்சம் தொங்கிய ஒரு சாண் வாரை
மடித்து உள்ளே செருகினேன்.
முடிச்சுப் போடவில்லை.
கையில் தடித்த உறை, குளிர், அப்புறம்...
சரி, சோம்பல்தான். அதற்கு வேறு பெயர் வேண்டாம்.

பத்தகோனியாவின் காற்று வீசுவதில்லை.
சாய்ந்துகொள்கிறது,
கடன் கேட்க வந்தவன் கதவில் சாய்வதுபோல.
நேர்ச்சாலையிலும் வண்டியைச் சரித்தே ஓட்ட வேண்டும்.
கிரெகோரெஸ் தாண்டி நாற்பது கிலோமீட்டர்
அது பொறுமையாக விரல் விட்டு
நான் செருகியதை உருவிக்கொண்டே வந்திருக்கிறது.
நானோ தோன்யா எர்மெலிந்தாவின் இடது கண்ணை
நினைத்துக்கொண்டிருந்தேன்:
போன முறை எழுதிக்கொண்ட எண் சரிதானா?

பின்னால் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம்.
சின்னச் சத்தம்தான்.
பின்சக்கரம் நின்றுவிட்டது.
வண்டி நிற்கவில்லை.

விழுந்தது நினைவில்லை.
சரளைக்கல் என் தலைக்கவசத்தை அரைத்தது நினைவிருக்கிறது.
பிறகு, ஒரு முழத் தூரத்தில்,
ஒரு லாரியின் முன்கம்பி.
அதில் காய்ந்த சேறு. சேற்றில் ஒட்டிய ஆட்டு மயிர்,
ஒவ்வொன்றாக எண்ணலாம் போல.
மேலே இரண்டு அடுக்கு ஆடுகள் கத்தின.
எஞ்சின் மூச்சு நெற்றியில் சுட்டது.

இறங்கி வந்தவர் முதலில் திட்டினார்.
அப்புறம் தூக்கி நிறுத்தினார்.
அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து
தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார்.
"உங்களை நான் பார்க்கவே இல்லை, செஞோரா.
தரையில் என்னவோ மினுங்கிற்று.
தண்ணீரோ, கண்ணாடிச் சில்லோ, டயர் போய்விடுமே என்று
பிரேக்கை மிதித்தேன்."

திரும்பிப் பார்த்தேன்.
பெட்டி வாய் பிளந்து கிடந்தது.
காலுறைகளைக் காற்று வேலிவரை கொண்டுபோயிருந்தது.
சாலை முழுக்க வெறும் கண்கள்,
வெயிலில் விழித்தபடி.

சேர்ந்து பொறுக்கினோம்.
பெயர் எவாரிஸ்தோ நவெல்பான் என்றார்.
கீறல் விழுந்ததா என்று பார்க்க
ஒன்றைத் தன் சட்டையில் துடைத்து
மூக்கில் மாட்டினார்.
பேச்சு நின்றது.

"அந்தப் பலகை எப்போது வைத்தார்கள்?"
"எப்போதும் இருப்பதுதான்."
கழற்றினார். மறுபடி மாட்டினார்.
"பலத்த காற்று. மெதுவாகச் செல்லவும்,"
எழுத்துக்கூட்டி, பள்ளிப் பிள்ளைபோல் வாசித்தார்.
வேலியோரப் புதர்களைக் காட்டினார்.
"அதற்கெல்லாம் கழுத்து இருக்கிறதே!"
"குவானாக்கோக்கள்."
"பத்தொன்பது வருடம்," என்றார்,
மேலே எதுவும் சொல்லவில்லை.

நான் லாரியைப் பார்த்தேன்,
அதன் நீளத்தை, கடைசிச் சக்கரம்வரை.
என் முழங்கால்கள் அப்போதுதான் நடுங்கத் தொடங்கின.

அந்தக் கண்ணாடி த்ரெஸ் லாகோஸ் பள்ளி ஆசிரியருக்கானது.
அவர் இன்னொரு மாதம் காத்திருக்கட்டும்.
பணம் நீட்டினார்; இருவருமே அதைப் பார்க்காததுபோல் இருந்தோம்.

சங்கிலிப் பல்லில் உருகிச் சுற்றிய வாரை
அவர்தான் கத்தி முனையால்
இழை இழையாக எடுத்தார்.
கருகிய நைலான் வாடை. தேவைக்கு அதிக நேரம்
குனிந்திருந்தார் என்று தோன்றியது;
ஒரு நட்டின் மரையைப் பார்த்துச் சிரித்தார்.

ஆட்டுத் தடுப்புக்கு வைத்திருந்த கயிற்றை
அவரே கொடுத்தார். கட்டினேன்.
உறையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கையால்,
விரல் மரத்துப்போகும்வரை.
வாலை மடித்து, சுற்றி, முடிந்து,
முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு.

அவர் ஏறி எஞ்சினை உயிர்ப்பித்தார்.
நானும் உதைத்தேன்.
பத்தடி போயிருக்க மாட்டேன், பின்னால் ஹாரன்.
ஜன்னலில் பாதி உடம்பு வெளியே,
மூக்கில் அந்தக் கண்ணாடி:
"செஞோரா! இடது பக்கம்! தொங்குகிறது!"

இறங்கிப் பார்த்தேன்.
தொங்கத்தான் செய்தது,
அரை விரல்.