மேலே இருப்பது மட்டும்

ஆறு வாரமாக எழுதுகிறேன்
இல்லாத ஓர் இயந்திரத்தை.
இரும்பு கிடையாது, விசிறி கிடையாது.
ஒரு கட்டளையை எடுக்கும், என்னவென்று பார்க்கும்,
செய்யும்,
அடுத்ததை எடுக்கும்.
அதற்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்.

இரண்டை வை.
மூன்றை வை.
கூட்டு.
இரண்டும் மூன்றும் காணாமல் போய்
ஐந்து மட்டும் உட்கார்ந்திருக்கிறது
எதன் ஐந்து என்ற கேள்வியே இல்லாமல்.

அம்மாபேட்டையில் சம்பங்கி அண்ணன் வண்டி.
தட்டுவடை, மேலே சட்னி, மேலே பீட்ரூட் துருவல்,
அதன் மேல் இன்னொரு தட்டுவடை.
இதுவும் அடுக்குதானே என்று நினைத்தேன்.
நினைப்பு நிற்கவில்லை.
எனக்கு முன்னால் நிற்கும் டிவிஎஸ்காரருக்கு
வெங்காயம் ஆகாதென்பது அண்ணனுக்கு ஞாபகம் இருக்கிறது,
போன மாதம் நான் வைத்த பாக்கி ஐந்து ரூபாயும்.
என் இயந்திரத்துக்கு முகங்கள் இல்லை.
மேலே இருப்பது மட்டும்.
கீழே எது காத்துக் கிடக்கிறதென்று
எட்டிக்கூடப் பார்க்காது.

அது தப்பு செய்வதில்லை, அதுதான் தொல்லை.
ஆயிரத்து இருபத்து நான்கு சுற்றில்
அடுக்கு நிரம்பிச் செத்து விழுகிறது
தினமும்,
நான் சொன்னதை அப்படியே செய்து.

மொட்டைமாடிக்கு வந்தேன். கண்ணங்குறிச்சியில் கரண்ட் இல்லை.
ஏற்காட்டு மலையில் ஒரு வண்டியின் வெளிச்சம்
கொண்டை ஊசி வளைவில் தொலைந்து
வேறோர் உயரத்தில் திரும்ப வந்தது.
நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்:
போகுமுன் திரும்பும் இடத்தைக் குறித்துக்கொள்,
முடிந்ததும் அங்கேயே வா.

வருகிறது.
ஆனால் வெறுங்கையோடு வருவதில்லை.
'அச்சிடு' என்று அனுப்பினால் அச்சிட்டுவிட்டு
'ஒன்றுமில்லை' என்ற ஒன்றை
மேலே வைத்துவிட்டு நிற்கிறது.
யாரும் கேட்காத பதில்.
யாரும் எடுக்காத பதில்.
சுற்றுக்கு ஒன்றாக
ஆயிரத்து இருபத்து நான்கு ஒன்றுமில்லைகள்.

படியில் இறங்கும்போதே வாய் முணுமுணுத்தது.
லேப்டாப்பில் பதினொரு சதவீதம் இருந்தது.
ஒரு வரி சேர்த்தேன்:
மேலிருப்பதை எடுத்து எறி.

பத்து லட்சம் சுற்று ஓடுகிறது இப்போது.
அடுக்கின் உயரம் திரையின் ஓரத்தில்
ஒன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம்,
ஒன்று, இரண்டு, ஒன்று,
பூச்சியம்.
இவ்வளவு வேலை செய்தும்
செய்ததற்கு அடையாளமாக ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை.
தூங்கப் போகலாம். போகவில்லை.

நாளை சாயங்காலம் ஐந்து ரூபாய் தர வேண்டும்.
இதை எங்கேயும் குறித்து வைக்கவில்லை.