தொண்ணூற்றைந்தில்

தொண்ணூறு வரை நல்ல பிள்ளை.
தொண்ணூற்றைந்தில் ஸ்டியரிங்
நனைந்த நாய் உடம்பை உதறுவதுபோல் சிலிர்க்கும்.
பிறகு நிறுத்தவே நிறுத்தாது.
நூற்றுப் பத்தைத் தாண்டினால் மறுபடி சாது.
ஆனால் பின்னால் கம்பளி மூட்டை ஏற்றிக்கொண்டு
பதகோனியாவின் எதிர்காற்றில்
நூற்றுப் பத்தில் யார் போவது?

டிரெலெவ் டயர்க்கடைத் தீத்தோ
நான்கு சக்கரத்தையும் சுழற்றி ஈயக்கட்டி ஒட்டினான்.
ரிம்மின் உள்பக்கம் காய்ந்து கிடந்த சேற்றை
ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்து
"இதோ உன் பேய்" என்று என் கையில் வைத்தான்.
காசை எண்ணி வாங்கினான்.
பேய் ஊர் எல்லையில் நின்று
கைகாட்டி ஏறிக்கொண்டது.

முன் சக்கரத்தைப் பின்னுக்கும்
பின் சக்கரத்தை முன்னுக்கும் மாற்றினோம்.
நடுக்கம் மட்டும் இடம் மாறவில்லை.
மரிசெல் எழுதிக்கொண்டாள்,
ஆடுகளின் தடுப்பூசிக் கணக்கு எழுதும் அதே நோட்டில்:
பிரேக் மிதித்தால், கூடவில்லை.
நியூட்ரலில் உருளவிட்டால், குறையவில்லை.
சரளைப் பாதையில், தெரியாது; அங்கே எல்லாமே நடுக்கம்.
காற்றில்லாத நாளில்,
அப்படியொரு நாள் வரட்டும்.

ஜாக்கி போட்டுத் தூக்கினேன்.
டயரைக் கடிகாரமாக நினைத்து
பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டினேன்.
பால் ஜாயின்ட் கல்லுப்போல் இருந்தது.
மூன்றிலும் ஒன்பதிலும்
டை ராட் முனையில் எள்ளளவு தளர்வு.
அகப்பட்டாய் என்று சத்தமாகவே சொன்னேன்.
மாற்றினோம். அலைன்மென்ட் பார்த்தோம்.
தூசி துடைத்த கண்ணாடியில் முகம் தெரிவதுபோல்
நடுக்கம் இன்னும் துலக்கமாய் வந்தது.

மெக்கானிக் கயுப்புல் ஓட்டிப் பார்த்தார்,
பள்ளிக்கூடத் தெருவில், நாற்பதில்.
"எனக்கொன்றும் தெரியலையே."

அன்றிரவு படுத்த பிறகும்
உள்ளங்கை அதிர்ந்துகொண்டே இருந்தது.
மரிசெல் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றாள்.
நீயும் கயுப்புல்தானா என்றேன்.
விளக்கை அணைத்தாள்.
மறுநாள் முழுக்க இருவரும் ஆடுகளோடு மட்டும் பேசினோம்.

கய்மான் தாண்டிய நெடுஞ்சாலை.
தொண்ணூற்றைந்து.
அவள் பூட்ஸைக் கழற்றினாள், காலுறையையும்.
வெறும் பாதத்தைத் தரையில் வைத்துக்
கொஞ்ச தூரம் கண்மூடி வந்தாள்.
"உன் கையில் இல்லை இது.
அங்கே விருந்தாளியாக வந்துபோகிறது.
வீடு இங்கே,"
குதிகாலால் தட்டினாள்,
"கியர் பெட்டிக்கும் முன் அச்சுக்கும் நடுவில்."

அட்டைப்பெட்டியை விரித்து வண்டிக்கடியில் படுத்தேன்.
முன் ஜாயின்ட் ஷாஃப்ட்.
நாங்கள் முன்சக்கர இழுவையைப் போட்டாலும் போடாவிட்டாலும்
வருடக்கணக்காய்ச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் தண்டு.
சாக்பீஸால் குறிபோட்டேன்.
எட்டு போல்ட்டில் ஏழு மரியாதையாக வந்தன.
எட்டாவது என் முட்டித் தோலோடு வந்தது.
ஷாஃப்டைக் கம்பளிச் சாக்கில் சுற்றிப்
பின்னால் கிடத்தினோம்.
பின் சக்கரங்களை மட்டும் நம்பிப் புறப்பட்டோம்.

தொண்ணூறு.
தொண்ணூற்று மூன்று.
குடுவையில் மாத்தே ஆடவில்லை.
தொண்ணூற்றைந்தில்
தூரத்தில் ஒரு குவானக்கோ தலைதூக்கிப் பார்த்தது.
நூறு.
பேசினால் கலைந்துவிடும் என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை.
அப்புறம் அவள்தான் கேட்டாள்:
"இந்தக் கதவு எப்போதிருந்து இப்படி விசிலடிக்கிறது?"

இரவு சமையல்மேஜையில் ஷாஃப்டை வைத்து
முனையைத் திருகிப் பார்த்தேன்.
கிராஸ் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு மடங்கியது.
மறுபக்கம் பிடிவாதமாக நின்று
பிறகு வெடுக்கென்று விழுந்தது.
மூடியைத் தட்டினால் கிரீஸ் இல்லை.
ஊசிகள் இருந்த இடத்தில்
மிளகாய்த்தூள் நிறத்தில் துரு,
ஒரு சிட்டிகை.
இதற்குத்தான் நான்கு மாதம்.

புது கிராஸ் பஹியா பிளாங்காவிலிருந்து வர வேண்டும்,
ஒன்பது நாள் ஆகும் என்றார்கள்.
வியாழன் மழை என்றது ரேடியோ.
நெஸ்டா ஓவன் பண்ணைக்குக் களிமண் பாதைதான்,
முன்சக்கரமும் இழுக்காமல் ஏறாது.
மரிசெல் நோட்டில் இரண்டையும் குறித்தாள்,
மழையை ஒரு வரியில்,
அடுத்த வரியில் கதவை.