இருபத்து நாலுக்குப் பதினான்கு

கட்டில் சட்டம் அது.
எல்லிஸ் தெருப் பின்சந்தில்
மெத்தையோடு யாரோ எறிந்துவிட்டுப் போனது.
மூன்றாய் அறுத்தேன், இடையில் வயர் போக வழி விட்டேன்,
பின்பக்கம் இரண்டு கதவுக் கட்டைகளை முடுக்கிச்
சாய்வு கொடுத்தேன்.
மேலே வெல்க்ரோ.
அதன்மேல் ட்யூனர், ஃபஸ், டிலே,
பிறகு வா. பேர்தான் வா,
நான் மிதித்தால் வராது.
ஐந்தாவது பச்சை நிறம்,
ரோமெல் இரவல் தந்து
திருப்பிக் கேட்க மறந்தது.

அழகு என்று சொல்லமாட்டேன்.
மிதித்தால் அசையாது, அவ்வளவுதான்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
பலகை பாதியில் நின்றது.
கடையில் விற்கிற பைகள்
கடையில் விற்கிற பலகைகளுக்குத் தைத்தவை;
நீளம் வந்தால் அகலம் வராது.
இரண்டும் வந்த ஒன்றின் விலைச்சீட்டைப் பார்த்தேன்.
முழுப் பலகைக்கும் எனக்கு ஒன்பது டொலர் போனது,
அதில் ஏழு வெல்க்ரோவுக்கு.

பழைய சாமான் கடையில்
அளவு நாடாவோடு அலைந்தேன்.
மடிகணினிப் பை சின்னது.
கீபோர்ட் உறைக்குள் என்னையே வைத்துக் காவலாம்.
ஒரு மடக்குத் தொட்டிலின் பை,
நீளம் சரி, அகலம் சரி, ஜிப்பும் ஓடியது.
உள்ளே கைவிட்டேன்.
ஒற்றைக் காலுறை,
என் பெருவிரல் அளவு.
இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று ஒத்திகைக்கு
மேற்சட்டையில் சுற்றிக்கொண்டு போனேன்.
மேற்சட்டை பலகைக்கு,
எனக்கு இரண்டு ஸ்வெட்டர்.
வினிபெக்கில் தை மாதம்,
சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பஸ் வருவதற்குள்
மூக்கு நுனி என்னை விட்டுப் போய்விடும்.
நிலவறையில் அவிழ்த்தால்
ஒவ்வொரு குமிழும் வியர்த்திருக்கும்,
காயும்வரை வயர் செருகப் பயம்.
அந்த அரைமணித்தியாலம்
ரோமெல் என் மேற்சட்டையைக் குச்சியால் தட்டி
ஒரு தாளம் கண்டுபிடித்தான்.
இப்போது அதுதான் எங்கள் இரண்டாவது பாட்டு.

வெள்ளி இரவுகளில் ஓரிஸ் கடையில்
பெட்டி மடிப்பேன், போன் எடுப்பேன்.
அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆணி.
ஆணியில் ஒரு சிவப்புப் பை,
இரண்டு வருடமாய் என் தலைக்கு நேர் மேலே.
பள்ளிக்கூட விழாக்களுக்குப் போகிற
அந்தப் பெரிய நீள்சதுர பீட்சாவுக்கானது.
கைபிடி அறுந்து ஓய்வு பெற்றது.
அன்றைக்கு ஏன் அண்ணாந்தேன்
என்று தெரியவில்லை.

இருபத்தைந்தரைக்குப் பதினைந்து.
உயரம் இரண்டு பெட்டி.

“கொண்டு போ,” என்றார் ஓரிஸ்.
“மூலையில் சீஸ் இருக்கிறது,
அது இனிப் போகாது.”

கைபிடியைப் பல்லிடுக்கு நூலால் தைத்தேன்.
ஊசி இரண்டு முறிந்தது,
நூல் முறியவில்லை.
புதினா மணக்கிற நூல், ஓரகனோ மணக்கிற பை.

ஒஸ்போர்ன் தெரு பாரில் முதல் இரவு.
கதவில் நின்றவன் பையைப் பார்த்தான்,
“எத்தனை பேருக்கு?”
நான் எங்கள் குழுவைக் கேட்கிறான் என்று
“மூன்று பேர்” என்றேன்.
அக்கறையாக
சமையலறைக்குக் கூட்டிப்போனான்.

அங்கேயே ஜிப்பைத் திறந்தேன்.
ஒரு குமிழிலும் ஈரமில்லை.
பலகை உள்ளங்கைச் சூட்டில் கிடந்தது,
இவ்வளவு குளிரைத் தாண்டி வந்தும்.
பாத்திரம் கழுவிய பெடியன் எட்டிப் பார்த்துவிட்டு
ஏமாந்துபோய்த் திரும்பினான்.

முதல் பாட்டில் ஃபஸ்ஸை மிதித்தேன்.
முன்மேசைக்காரர் ஒருவர்
மூக்கை உயர்த்திச்
சுற்றும் முற்றும் தேடினார்.

எல்லாம் முடிந்து அடுக்கும்போது
ரோமெல் பக்கத்தில் குந்தினான்.
“அந்தப் பச்சைப் பெடல்,
எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு.”

ஜிப்பை இழுத்தேன்.
சீஸ் மூலையில் கொஞ்சம் இறுகியது,
பிறகு மூடிக்கொண்டது.